‘ஹுவா வாங்’ என்றால் பொன்னாக மாறுவதா, எரிப்பதா?

ஹனோயில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான ஒருவர் கேட்டிருக்கிறார்: “வியட்நாமியப் புத்தாண்டு பிறந்து நான்காம் நாள், நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா வாசலில் காகிதப் பணத்தையும் காகிதச் சட்டையையும் எரித்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு ‘ஹுவா வாங்’ என்றார். செயலியில் போட்டுப் பார்த்தால் ‘பொன்னாக மாறு’ என்று வருகிறது. என் பாடப்புத்தகத்தில் எரிப்பதற்கு ‘டோட்’ என்றுதான் இருக்கிறது. எது சரி? இந்தச் சடங்கைப் பற்றிப் பேச வேறு என்னென்ன சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?”

இரண்டும் சரிதான். ஆனால் உங்கள் வீட்டுக்கார அம்மாவிடம் ‘டோட்’ என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன். ஹனோய்க்கு வந்த முதல் வருடம், நான் குடியிருந்த சந்தில் ஒரு பாட்டி ஓட்டை போட்ட பழைய தகர டப்பா ஒன்றில் பொன்நிறத் தாள்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது தெரிந்த ஒரே வினைச்சொல்லை வைத்து, “எரிக்கிறீர்களா பாட்டி?” என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த தாளைக் காட்டி, “குப்பையைத்தான் டோட் செய்வோம். இதை ஹுவா செய்கிறோம்” என்றார். பிறகு வந்த வருடங்களில் மொழிபெயர்ப்பு வேலையில் எத்தனையோ சொற்களைக் கற்றிருக்கிறேன். இந்தச் சடங்கின் சொற்களுக்குள் போக எனக்குக் கதவு திறந்தது அந்த ஒரு திருத்தம்தான்.

‘ஹுவா’ என்பது சீனத்திலிருந்து வந்து வியட்நாமிய மொழியில் ஊறிப்போன சொல். உருமாறுவது, உருமாற்றுவது என்று பொருள். வேதியியலுக்கு ‘ஹுவா ஹோக்’ என்று பெயர், அதாவது மாற்றங்களைப் பற்றிய படிப்பு. பண்பாடு ‘வான் ஹுவா’, பரிணாமம் ‘தியென் ஹுவா’. எல்லாவற்றிலும் இதே ஹுவாதான். ‘வாங்’ என்பது பொன். மஞ்சள் நிறத்துக்கும் அதே சொல். வியட்நாமிய வினைச்சொல் எந்த இடத்திலும் உருவம் மாறாது. தான் மாறுவதா, இன்னொன்றை மாற்றுவதா என்பதைச் சூழலை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். அதனால் ‘ஹுவா வாங்’ என்ற இரண்டு சொற்களை ‘பொன்னாக மாறு’ என்றும் படிக்கலாம், ‘மஞ்சளாக மாறு’ என்றும் படிக்கலாம், ‘பொன்னை உருமாற்று’ என்றும் படிக்கலாம். உங்கள் செயலி முதலாவதைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கார அம்மா சொன்னது மூன்றாவது: காகிதப் பொன்னை இங்கிருக்கும் உருவத்திலிருந்து, இறந்த முன்னோர் இருக்கும் உலகில் செல்லுபடியாகும் உருவத்துக்கு மாற்றுவது. தீ அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். சொல்லுக்குள் தீயே இல்லை.

தமிழில் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. சாமி விளக்கை அணைத்துவிடு என்று நம் வீடுகளில் சொல்வதில்லை; குளிர வை என்போம், மலையேற்று என்போம். கை செய்வது ஒரே வேலைதான், ஆனால் அந்த இடத்தில் ‘அணை’ வாயில் வராது. ‘டோட்’டுக்கும் ‘ஹுவா’வுக்கும் உள்ள தூரம் அதே மாதிரியானது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஹுவா என்று நான் தமிழில் எழுதுவது தொனி இல்லாத வெறும் எலும்புக்கூடு. ஏறும் தொனியில் சொன்னால் உருமாற்றம். தாழ்ந்து வளையும் தொனியில் சொன்னால் நெருப்பு. சமமாகச் சொன்னால் பூ. பிணத்தை எரிப்பதற்குப் பத்திரிகைச் சொல் ‘ஹுவா தாங்’. அது நெருப்பு ஹுவா. ஆனால் ஹனோயின் வான் டியென் பகுதியில் இருக்கும் எரிமேடைக்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: ‘டாய் ஹுவா தன் ஹுவான் வூ’. அதில் வருவது உருமாற்ற ஹுவா. ‘ஹுவா தன்’ என்றால் உடல் மாற்றம், ‘ஹுவான் வூ’ என்றால் அகிலம். நெருப்பு என்ற சொல்லைப் பெயர்ப்பலகையிலேயே ஒதுக்கிவிட்டார்கள். கோழி அறுக்கும்போது கிராமத்துப் பாட்டிகள் சொல்வதும் இதே சொல்தான்: ‘ஹுவா கியெப்’, பிறவி மாற்றம். இந்தப் பிறவியை முடித்துக்கொண்டு நல்ல பிறவிக்குப் போ என்று கோழியிடமே சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள்.

சரி, எதை உருமாற்றுகிறார்கள்? எரிக்கப்படும் பொருட்களுக்கு வடக்கில் பொதுப்பெயர் ‘வாங் மா’. வாங் என்பது காகிதப் பொன்னும் பணமும். மா என்பது காகிதத்தில் செய்த சட்டை, செருப்பு, தொப்பி, குதிரை, வீடு, மோட்டார் சைக்கிள் எல்லாம். ‘டோ மா’ என்றாலும் ‘ஹாங் மா’ என்றாலும் இந்தக் காகிதப் பொருட்கள்தான். ஹனோயின் பழைய நகரில் ஹாங் மா என்றே ஒரு தெரு இருக்கிறது. ‘ஹாங்’ என்றால் சரக்கு. வெள்ளிச் சரக்குத் தெரு ஹாங் பாக், சணல் தெரு ஹாங் காய் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தெரு இருந்த காலத்துப் பெயர்கள் அவை. பல தெருக்களில் பெயர் மட்டும் தங்கி, சரக்கு மாறிவிட்டது. ஹாங் மாவில் இன்றும் காகிதச் சரக்குதான் விற்கிறது. இலையுதிர்காலத்து நடுப்பௌர்ணமிக்கு அதே கடைகள் குழந்தைகளுக்கான விளக்குகளைத் தொங்கவிடும். சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் வந்தால் காகிதச் சட்டைகளும் வீடுகளும் நடைபாதை வரை வந்து நிற்கும்.

‘மா’ என்ற ஓரசையைத்தான் வியட்நாமிய மொழியின் ஆறு தொனிகளைச் சொல்லித்தர எல்லா ஆசிரியர்களும் எடுப்பார்கள். உங்கள் முதல் வகுப்பிலும் எடுத்திருப்பார்கள். சமமாகச் சொன்னால் பேய். ஏறினால் தெற்கில் அம்மா, கன்னம் என்றும் பொருள். இறங்கினால் ‘ஆனால்’ என்பது போன்ற இணைப்புச் சொல். வளைந்தால் கல்லறை. உடைந்து ஏறினால் குதிரை, கூடவே நாம் பேசும் காகிதப் பொருள். அடித்தொண்டையில் அழுத்தினால் நெல் நாற்று. ஆறில் மூன்று, பேய், கல்லறை, காகிதப் படையல், இந்த ஒரு சடங்குக்குள்ளேயே வந்துவிடுகின்றன. இறந்தவர் ‘மா’, அவர் படுத்திருக்கும் இடம் ‘மா’, அவருக்கு அனுப்புவது ‘மா’. சவச் சடங்குக்குப் பேச்சில் ‘டாம் மா’ என்று பெயர்; அது பேய் மா. தெற்கில் வளையும் தொனியும் உடைந்து ஏறும் தொனியும் ஒன்றாகக் கலந்துவிட்டன. சைகோன்காரர் வாயில் கல்லறையும் காகிதப் பொருளும் ஒரே ஒலிதான்.

தெற்கே போனால் சொல்லே மாறும். அங்கே கடையில் கேட்க வேண்டியது ‘யய் தியென் யாங் பாக்’. வார்த்தைக்கு வார்த்தை காகிதம், பணம், பொன், வெள்ளி. நான்கு சொற்களை அடுக்கினால் பெயர் தயார். வாங் எப்படி யாங் ஆனது என்று கேட்பீர்கள். தெற்குப் பேச்சில் வகரம் யகரமாகும், அதனால்தான். ஊதுபத்திக்கும் அப்படியே இரண்டு பெயர்: வடக்கில் ‘ஹுவோங்’, தெற்கில் ‘ஞாங்’. ஹுவோங் என்றால் நறுமணம் என்றே பொருள். (ஞகரமும் ஙகரமும் சொல்லுக்கு முதலில் வருவதைத் தமிழ் எழுத்தில் இவ்வளவு சுலபமாக எழுத முடிகிறதே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும். ஙகரத்தைப் படித்துவிட்டுப் பயன்படுத்த இடமில்லாமல் வைத்திருந்தோம். வியட்நாமிய மொழியில் அதற்கு நாள் முழுக்க வேலை.)

பணத்துக்கு வருவோம். காகிதப் பணத்துக்குப் பேச்சுப் பெயர் ‘தியென் அம் ஃபூ’. தியென் பணம், அம் ஃபூ பாதாள உலகம். தாள்களின் மேல் ‘ஙன் ஹாங் டியா ஃபூ’ என்று அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம்: ‘பாதாள வங்கி’. ஙன் ஹாங் என்பது தெருவோரத்து உண்மையான வங்கிகளின் பலகையில் இருக்கும் அதே சொல். உள்ளூர் நோட்டைப் போலவும் டாலரைப் போலவும் அடிக்கிறார்கள். பழைய சொல் இன்னொன்று உண்டு, ‘தியென் ஸய்’, காகிதப் பணம். வியட்நாமியக் கவிஞர் ஙுயென் ஸூ எழுதிய கியெவ் காவியத்தில், கல்லறைகளைச் சுத்தம் செய்யும் வசந்த நாள் வருகிறது. அங்கே மேடுகள்தோறும் காகிதப் பொன்கட்டிகள் சிதறிக் கிடக்கின்றன, தியென் ஸய் எரிந்த சாம்பல் பறக்கிறது. அவர் 1820இல் இறந்தவர். அவர் காலத்தில் கையில் புழங்கியது உலோகக் காசு, அதனால் தியென் ஸய் என்று எழுதினால் இறந்தவர்களின் பணம் என்று யாருக்கும் புரியும். இன்று அதே சொல்லைச் சொன்னால், உங்கள் சட்டைப்பையில் இருக்கும் நோட்டு என்றுதான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். வியட்நாமில் அரசு முதன்முதலாகக் காகிதப் பணம் வெளியிட்டது 1396இல், அப்போது ஆட்சியைக் கையில் வைத்திருந்த ஹோ குயி லியின் முயற்சியில். அது நீடிக்கவில்லை.

‘அம்’ என்ற சொல்லைத் தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பல பூட்டுகளுக்கு அது சாவி. சீனர்களின் இன், யாங் என்ற இரட்டையை வியட்நாமியர் அம், ஸுவோங் என்கிறார்கள். அம் என்பது நிழல், சந்திரன், குளிர்ச்சி, இறந்தவர் பக்கம். ஸுவோங் என்பது வெயில், சூரியன், உயிரோடிருப்பவர் பக்கம். சந்திர நாட்காட்டி ‘அம் லிக்’, சூரிய நாட்காட்டி ‘ஸுவோங் லிக்’. அலுவலகச் சம்பளம் ஸுவோங் லிக்கில் வரும், தாத்தாவின் திதி அம் லிக்கில் வரும். குளிர்காலத்தில் மலைப்பக்கம் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனால் வானிலை அறிவிப்பில் ‘அம்’ என்று ஒரு சொல் வரும். அதே அம்தான், கணக்கில் கழித்தல் குறி. இறந்தவர்களை மரியாதையாக ‘ஙுவோய் அம்’, அம் பக்கத்து மனிதர்கள் என்பார்கள்.

இந்த வழக்கத்தின் மொத்த தர்க்கமும் நான்கு அசையில் அடங்கிய ஒரு பழமொழியில் இருக்கிறது: ‘சன் ஸாவ் அம் வய்’. ‘மண்ணுலகில் எப்படியோ, அம் உலகிலும் அப்படியே’. ‘சன்’ என்றால் தூசு. நாம் வாழும் இந்த உலகத்துக்கே தூசு என்றுதான் பெயர். இங்கே சட்டை வேண்டுமென்றால் அங்கேயும் வேண்டும். இங்கே கைப்பேசி வந்துவிட்டால் அங்கேயும் கைப்பேசி போக வேண்டும். கடையில் காகித ஐஃபோனும் காகித மாடிவீடும் வருவதற்கு வேறு விளக்கம் தேடத் தேவையில்லை. இதை ஆடம்பரம் என்று திட்டுபவர்கள் வியட்நாமிலேயே நிறைய உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உயிரோடிருந்தபோது மோட்டார் சைக்கிள் வாங்கித்தர முடியாமல் போன அப்பாவுக்கு ஒரு மகன் காகித மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நிறம் எதுவென்று அவர் வெகுநேரம் யோசித்தார். அதன் பிறகு ஆடம்பரம் என்ற சொல்லை என்னால் வாயில் எடுக்க முடியவில்லை.

இனி நாட்கள். சொற்கள் நாளோடு ஒட்டித்தான் வரும், தனியே மனப்பாடம் செய்தால் நிற்காது.

சந்திர வருடத்தின் கடைசி மாதத்தில் 23ஆம் நாள் அடுப்புச் சாமிகளை வானத்துக்கு அனுப்பும் நாள். ‘ஓங் தாவ்’ என்று ஒருவரைப் போல் சொன்னாலும் அவர்கள் மூவர்: இரண்டு ஆண், ஒரு பெண். அதனால் கடையில் மூன்று காகிதத் தொப்பிகள் ஒரு செட்டாக விற்கும். ஆண்களின் தொப்பிக்கு இரண்டு பக்கமும் தட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், பெண்ணின் தொப்பிக்கு அது இருக்காது. வாகனம் கெண்டை மீன், காகிதத்தில் ஒன்றோ உயிரோடு ஏரியில் விடுவதற்கோ. மீன் எப்படி வானம் ஏறும்? ‘கா செப் ஹுவா ஸோங்’, கெண்டை டிராகனாக ஹுவா ஆகும். பாருங்கள், நம் ஹுவா இங்கேயும் வந்துவிட்டது. மீன் டிராகனாவதும் காகிதம் பணமாவதும் ஒரே வினைச்சொல்.

அப்புறம் தெத், புத்தாண்டு. வருடத்தின் கடைசி மாலையில் முன்னோரை வீட்டுக்கு அழைக்கிறார்கள். மூன்று நாளோ அதற்குச் சற்று மேலோ அவர்கள் படையல் மேடையில் விருந்தாளிகளாக இருக்கிறார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வழியனுப்பு. நீங்கள் பார்த்தது இதைத்தான். வடக்கில் அந்த நாளுக்குப் பெயரே ‘லே ஹுவா வாங்’, பொன்னை உருமாற்றும் சடங்கு. தெற்கில் ‘டுவா ஓங் பா’ என்பார்கள், தாத்தா பாட்டியை வழியனுப்புதல். ஒரே காரியம்தான், வடக்கு கையில் கொடுத்தனுப்பும் பொருளை வைத்துப் பெயர் சொல்கிறது, தெற்கு புறப்படும் ஆட்களை வைத்துப் பெயர் சொல்கிறது. எனக்குத் தெற்கத்திப் பெயர்தான் கூடுதலாகப் பிடிக்கும். அதில் வெறும் ‘தாத்தா பாட்டி’ என்றே இருக்கிறது, மூதாதையர் என்ற கனத்த சொல் இல்லை. கனத்த சொல் ‘தோ தியென்’. அந்தத் தியென் சமத் தொனி. பணத்தின் தியென் இறங்கும் தொனி. கவனமாகச் சொல்லாவிட்டால் முன்னோர் பணமாகிவிடுவார்கள். வடக்கத்திப் பேச்சில் இன்னும் நெருக்கமாக ‘காக் கூ’ என்பார்கள், ‘பெரியவங்க’ என்று நாம் சொல்வது மாதிரி.

அந்தச் சந்துப் பாட்டி செய்ததைச் சொல்கிறேன், வரிசைமுறை அதிலேயே தெரிந்துவிடும். முதலில் சமைத்ததெல்லாம் மேடைக்குப் போனது, கோழி, வாழையிலைப் பச்சை மாதிரியான ஸோங் இலையில் கட்டிய ஒட்டரிசிப் பலகாரம், பழம், மது. இப்படிப் படைப்பதற்கு வினைச்சொல் ‘குங்’. பாட்டி ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டு உதட்டுக்குள் முணுமுணுத்தார். இந்த முணுமுணுப்புக்கு ‘கன்’ என்று தனிச்சொல் இருக்கிறது. முகவரி, தேதி, படைப்பவர் பெயர், அழைக்கப்படுபவர் பெயர் எல்லாம் அதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கு என்று தெரியாமல் போய்விடும். முணுமுணுப்பின் மொழி தெருமொழி அல்ல. அங்கே பொன் ‘வாங்’ என்று வராது, ‘கிம் ஙன்’, அதாவது பொன் வெள்ளி என்று சீனச் சொல் உடுத்தி வரும். ஊதுபத்தி பெரும்பங்கு எரிந்து இறங்கும்வரை யாரும் எதையும் தொடவில்லை. பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பேத்தியை அதட்டினார். பிறகு மறுபடி கும்பிட்டு அனுமதி கேட்டுத்தான் காகிதத்தைக் கீழே இறக்கினார். வீட்டுத் தெய்வத்துக்கு உரியது முதலில், முன்னோருக்கு உரியது தனியாகப் பின்னால். சட்டைகளின் மேல் யாருக்கு எது என்று பெயர் எழுதியிருந்தது.

மேடையின் இரண்டு பக்கமும் தோகையோடு இரண்டு முழுக் கரும்பு நின்றன. அதற்குப் பெயர் ‘கய் ஓங் வாய்’. கய் என்றால் கழி, ஓங் வாய் என்றால் வீட்டு முன்னோர். இவ்வளவு சாமானையும் தூக்கிக்கொண்டு போக அவர்களுக்குக் காவடித் தண்டு வேண்டாமா? வழியில் பிடுங்க வரும் பேய்களை விரட்டவும் அதே கழி. பாட்டி கரும்பைத் தீயின் மேல் காட்டி வாட்டினார். கடைசியில் சாம்பல் மேல் ஒரு கிண்ணம் அரிசி மதுவைச் சுற்றி ஊற்றினார். மது விழாவிட்டால் பணம் அங்கே கைக்குச் சேராதாம். சாம்பல் ‘உஸ்’ என்று அடங்கியது. எல்லாம் முடிந்தபின்தான் ‘ஹா லே’, படையலை இறக்குவது. இறக்கிய சாப்பாடு ‘லோக்’. பிரசாதம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

ஏழாம் சந்திர மாதத்துப் பௌர்ணமி, ‘ஸம் தாங் பய்’, சொற்கள் அதிகம் புழங்கும் நாள். ஒரே நாளுக்கு இரண்டு முகம். பௌத்தக் கோயிலில் அது ‘வூ லான்’, பெற்றோருக்கு நன்றி சொல்லும் நாள். வூ லான் என்ற ஒலி உல்லம்பனம் என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து சீனம் வழியாக வந்தது. அந்த நாளின் கதையில், பசிப்பேயாகப் பிறந்த தாயை மீட்ட முக் கியென் லியென் வேறு யாருமல்ல, புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர். மக்கள் வழக்கில் அதே நாள் ‘ஸா தோய் வோங் ஞன்’, இறந்தோரின் பாவத்தை மன்னிக்கும் நாள். பாதாளக் கதவு திறந்து எல்லா ஆவிகளும் வெளியே வரும் என்பார்கள்.

அப்படி வரும் ஆவிகளில் சொந்த வீடு இல்லாதவர்களும் உண்டே, அவர்களை ‘கோ ஹோன்’ என்பார்கள். கோ என்றால் தனிமை, அனாதைத்தன்மை. ஹோன் என்றால் ஆவி. அவர்களுக்கான படையல் வீட்டுக்குள் வராது, வாசலிலோ நடைபாதையிலோ வைப்பார்கள். வடக்கில் இவர்களை இன்னும் கனிவாக ‘சுங் ஸிஞ்’ என்பார்கள், எல்லா உயிர்களும் என்று பொருள்படும் பௌத்தச் சொல். அவர்களுக்கு ‘சாவ் லா டா’ வைக்க வேண்டும். டா என்பது ஆலமர வகை. அதன் இலையைச் சுருட்டி அதில் நீர்க்கஞ்சி ஊற்றி வைப்பது. பசிப்பேய்களின் தொண்டை ஊசித்துளை அளவு என்பதால் கெட்டிச் சோறு இறங்காது என்ற எண்ணம். அவர்களுக்கும் சின்னச் சின்னக் காகிதச் சட்டைகள் உண்டு. பெயர் எழுதாத சட்டைகள். தெற்கில் இந்தப் படையல் முடிந்ததும் பிள்ளைகள் பாய்ந்து பணத்தையும் மிட்டாயையும் பிடுங்குவார்கள், அதற்கு ‘யத் கோ ஹோன்’ என்று பெயர். பிடுங்கினால் வீட்டுக்காரருக்கு நல்லது. சைகோனில் கடை வைத்திருப்பவர்கள் மாதாமாதம் சந்திரக் கணக்கில் 2ஆம் நாளும் 16ஆம் நாளும் கோ ஹோன்களுக்குப் படைப்பதைப் பார்க்கலாம்.

திதிநாள் தனி. வடக்கில் ‘ஸோ’, தெற்கில் ‘யோ’, எழுத்து ஒன்றுதான். முதல் வருடத் திதிக்கு எரிக்கும் காகிதப் பொருட்களில் ‘மா பியெவ்’ என்று ஒரு வகையை வடக்கத்திப் பழைய வழக்கம் சொல்கிறது. பியெவ் என்றால் பெரியவருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது. அந்தப் பொருட்கள் இறந்தவர் வைத்துக்கொள்ள அல்ல. புதிதாக அங்கே போயிருக்கும் அவர், தொல்லை கொடுக்கும் கெட்ட தெய்வங்களுக்குக் கொடுத்துச் சமாளிக்க. புது இடத்தில் நம் ஆள் சிரமப்படக்கூடாது என்று வீட்டார் யோசித்த யோசனைக்கு ஒரு சொல்லே இருக்கிறது என்பதை முதலில் கேட்டபோது நான் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தேன்.

முன்னோர் வழிபாட்டுக்குச் சற்று வெளியே போனால் ‘ஹிஞ் ஞன்’ என்ற சொல் வரும், காகித மனித உருவம். ‘தே மாங்’ என்று சேர்த்துச் சொன்னால் உயிருக்கு ஈடாக எரிக்கப்படும் உருவம். தாய்த் தெய்வ வழிபாட்டில் ஆளுயரக் காகிதக் குதிரைகளும் படகுகளும் எரியும். அந்த வழிபாடு 2016இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஹனோய்க்குப் பக்கத்து மாகாணமான பாக் நிஞ்சில் ‘பா சுவா கோ’, கிடங்கின் அம்மன், கோயிலுக்கு வியாபாரிகள் வருடத் தொடக்கத்தில் போய் ‘வாய்’, கடன் வாங்குகிறார்கள். வருடக் கடைசியில் போய் ‘சா’, திருப்பிக் கொடுக்கிறார்கள். வங்கியில் நீங்கள் கேட்கும் அதே வாய், அதே சா. அம்மனுக்குத் திருப்பித் தருவது கட்டுக்கட்டாகக் காகிதப் பொன்.

பாக் நிஞ்சிலேயே டுவோங் ஆற்றங்கரையில் இருக்கிறது டோங் ஹோ கிராமம். மரக்கட்டை அச்சில், சிப்பித்தூள் பூசிய தாளில் படம் போட்டு நாடெங்கும் பெயர் வாங்கிய ஊர். இன்று அந்த ஊரில் பெரும்பாலான வீடுகள் ஹாங் மா செய்கின்றன. படம் அச்சிடுவது ஒரு சில குடும்பங்களோடு நிற்கிறது. இதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். ஆனால் நடு வியட்நாமின் ஹுவே நகருக்குப் பக்கத்தில் ஸிஞ் கிராமத்துப் படங்களைப் பார்த்தபின் அந்த வருத்தம் வேறு மாதிரி ஆனது. அங்கே படத்தை அச்சிடுவதே சடங்கு முடிந்ததும் எரிப்பதற்குத்தான். சுவரில் மாட்டும் படமும் தீயில் போகும் படமும் இந்த நாட்டில் ஒரே கட்டையின் இரண்டு பிள்ளைகள்.

கடைசியாக, ‘டோட்’ எங்கே சரி? சட்டத்தில், செய்தியில், பாடப்புத்தகத்தில், தீயணைப்பு அறிவிப்பில். ‘டோட் வாங் மா’ என்பதுதான் பொதுவான, விலகி நின்று சொல்லும் பெயர். 2018இல் வியட்நாம் பௌத்த சங்கம் தன் கோயில்களில் இந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. அதில் இருந்ததும் டோட்தான். எதிர்ப்பவர்கள் ‘டோட்’ என்பார்கள், செய்பவர்கள் ‘ஹுவா’ என்பார்கள். ஒருவர் எந்தச் சொல்லை எடுக்கிறார் என்பதை வைத்தே அவர் எங்கே நிற்கிறார் என்று பாதி தெரிந்துவிடும். முழுதும் தெரியாது, கும்பிடுகிறவர்களும் அவசரத்தில் டோட் என்று சொல்வதுண்டு. உங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இதற்கென்று ஒரு பொது அடுப்பு இருக்கலாம், அதன் பலகையைப் படித்துப் பாருங்கள். ‘லோ ஹுவா வாங்’ என்றுதான் எழுதியிருப்பார்கள்.

அடுத்த தெத்துக்கு வீட்டுக்கார அம்மாவிடம் இப்படிக் கேளுங்கள்: “பாக் ஹுவா வாங் சுவா ஆ?” பாக் என்பது உங்கள் பெற்றோரை விட மூத்தவரை அழைக்கும் பெரியம்மா. சுவா என்றால் ‘ஆகிவிட்டதா, இன்னும் இல்லையா’. கடைசியில் வரும் ‘ஆ’ மரியாதைக்கு, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊதுபத்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தால் அவரும் “சுவா” என்று ஒரே சொல்லில் பதில் சொல்வார்: இன்னும் இல்லை, அவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும்.